“நல்ல டிசைன்தான், ஆராய்ச்சி எங்கே?”

கேள்வி: நான் கிராஃபிக் டிசைனர். மருந்துக் கடைகளில் மாத்திரை உறையின் மேல் ஒட்டித் தருகிற சின்ன லேபிளுக்காக (“காலை 1, இரவு 1, உணவுக்குப் பின்”) இரண்டு ஆண்டுகள் உழைத்து ஒரு தமிழ் எழுத்துரு வரைந்திருக்கிறேன். 203 டிபிஐ (அங்குலத்துக்கு 203 புள்ளி) தெர்மல் பிரிண்டரில், அதாவது சூட்டால் அச்சடிக்கும் பிரிண்டரில், 2 மி.மீ. உயரத்தில் அடித்தாலும் சுழிகள் அடைபடக் கூடாது என்பதுதான் நோக்கம். இதை முனைவர் பட்டத்துக்குக் கொண்டுபோனால், “நல்ல டிசைன்தான், ஆராய்ச்சி எங்கே?” என்கிறார்கள். 200 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஒரு சர்வே சேர்த்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். வடிவமைப்பதே ஆராய்ச்சி ஆகாதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஆகும். ஆனால் நீங்கள் வரைந்து முடித்த எழுத்துரு, இப்போது இருக்கிற நிலையில், ஆராய்ச்சி ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் ஆய்வுக்கான சரக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அது முடித்த எழுத்துருவில் இல்லை. வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய வரைவுகளில் இருக்கிறது.

இந்தக் கேள்வி புதிதல்ல. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் எழுதிய ஒரு கட்டுரையில் கலை, வடிவமைப்புத் துறை ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்தார். நம் வேற்றுமை உருபுகளை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். வடிவமைப்பை ஆராய்வது ஒன்று: தமிழ் அச்செழுத்தின் வரலாற்றை எழுதுவது போல. வடிவமைப்பால் ஆராய்வது இன்னொன்று: ஒன்றைச் செய்து பார்ப்பதன் மூலமே ஒரு கேள்விக்கு விடை தேடுவது. மூன்றாவது, வடிவமைப்புக்காக ஆராய்வது. சிந்தனை முழுவதும் பொருளுக்குள்ளேயே அடங்கிவிடுகிற வகை இது. மூன்றில் முள் நிறைந்தது இதுதான் என்று அவரே சொன்னார். பொருள் மட்டும் வெளியே தெரியும். அதைச் செய்தவர் என்ன கற்றார் என்பது அவரோடு நின்றுவிடும். உங்கள் எழுத்துரு இன்று இந்த மூன்றாம் வீட்டில் இருக்கிறது. அதை ‘ஆல்’ உருபுக்கு நகர்த்துவதுதான் வேலை.

நகர்த்துவது என்றால் என்ன என்பதற்கு அதே கல்லூரியில் 1960-களில் நடந்த ஒரு வேலை நல்ல உதாரணம். புரூஸ் ஆர்ச்சர் தலைமையிலான குழு, கிங்ஸ் ஃபண்ட் என்ற அமைப்பின் ஆதரவோடு, பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கான கட்டிலை வடிவமைத்தது. மாதிரிக் கட்டில்கள் செய்து, உண்மையான வார்டில் போட்டுச் சோதித்தார்கள். அந்த வேலையின் பயன் ஒரு கட்டிலோடு நிற்கவில்லை. மருத்துவமனைக் கட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்ற விவரக்குறிப்பும் வெளிவந்தது. அந்தக் குழுவை நேரில் பார்த்தே இராத ஒரு தயாரிப்பாளர் அதை எடுத்துத் தன் பட்டறையில் பயன்படுத்தலாம். ஒத்துக்கொள்ளாதவர் ‘இந்த அளவு தவறு’ என்று வாதிடலாம். ஆராய்ச்சி என்பது முறைப்படி தேடி, பிறருக்குச் சொல்லத்தக்க அறிவாக்குவது என்பது ஆர்ச்சரின் நிலைப்பாடு. பொருளிலிருந்து பிரித்து எடுக்க முடிகிற அறிவு வேண்டும். உங்களிடம் “எங்கே?” என்று கேட்பவர்கள் தேடுவது அதைத்தான்.

உலக நாடுகள் ஆராய்ச்சிச் செலவைக் கணக்கிடப் பயன்படுத்தும் ஃப்ரஸ்காட்டி கையேட்டின் 2015 பதிப்பு ஐந்து தகுதிகளைக் கேட்கிறது: புதிதாக இருக்க வேண்டும், சொந்தச் சிந்தனை இருக்க வேண்டும், முடிவு முன்கூட்டித் தெரியாததாக இருக்க வேண்டும், முறைப்படி நடக்க வேண்டும், அடுத்தவர் கைக்கு மாற்றத்தக்கதாகவோ திரும்பச் செய்யத்தக்கதாகவோ இருக்க வேண்டும். முதல் இரண்டில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நான்காவதும் ஐந்தாவதும் பதிவேட்டால் தீரும். பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் கோட்டைவிடுவது மூன்றாவதில். “என் எழுத்துரு நன்றாகப் படிக்க முடிகிறது என்று நிரூபிப்பேன்” என்பது கேள்வியே அல்ல. விடையை முடிவு செய்துவிட்டுச் சாட்சி தேடுவது அது. தோற்கவும் வாய்ப்புள்ள கேள்வியாக இருக்க வேண்டும்.

உங்கள் கேள்வியைப் புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். 203 டிபிஐ என்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 2 மி.மீ. உயரம் என்பது 16 புள்ளி. அந்தப் பதினாறுக்குள் மூன்று சுழி ‘ண’ உட்கார வேண்டும். அதன் குறுக்கே இடமிருந்து வலமாக ஒரு கோடு கிழித்தால், குறைந்தது ஐந்து இடத்திலாவது கறுப்பைக் கடக்கும். கோட்டின் தடிமன் 2 புள்ளி, இடைவெளி 2 புள்ளி என்று வைத்தால் ஐந்து கறுப்பும் நான்கு வெள்ளையும் சேர்ந்து 18 புள்ளி, அதாவது 2.25 மி.மீ. அகலம். லேபிளில் இடம் போதவில்லை என்று யாராவது எழுத்தை நெருக்கினால் ஏதோ ஒரு வெள்ளை 1 புள்ளியாகிவிடும். பிரிண்டரில் டார்க்னெஸ் அளவைக் கூட்டி வைத்திருந்தால் சூடு பக்கத்துக்குப் பரவும், அந்த ஒற்றைப் புள்ளியும் கறுத்துப் போகும். சுழி அடைபடுவதன் காரணம் இதுதான். ஆகவே ‘இரண்டு புள்ளி வெள்ளையைக் காப்பாற்ற எழுத்தை எவ்வளவு அகலப்படுத்தலாம், எந்தச் சுழியைத் திறந்து விடலாம், எந்தத் திறப்பு எழுத்தையே வேறாக்கிவிடும்?’ என்பது கேள்வி. இதற்கு வரைந்து பார்க்காமல் விடை கிடையாது. அதனால்தான் இது வடிவமைப்பால் நடக்கும் ஆராய்ச்சி.

இங்கே ஒன்றைக் கவனிக்கச் சொல்வேன். கடிதம் முழுக்கச் சுழியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். ‘உணவு’ என்ற சொல்லில் ‘ண’ முழுக்க அடைபட்டுப் போனாலும் யாரும் வேறாகப் படிக்க மாட்டார்கள்; ‘உனவு’ என்றொரு சொல் இல்லை, வாசகரின் மொழியறிவு பிழையைத் திருத்திவிடும். அந்த லேபிளில் ஆபத்தான இடம் வேறு. ‘உணவுக்கு முன்’, ‘உணவுக்குப் பின்’ – இந்த இரண்டையும் மங்கலாக அடித்து அருகருகே வைத்துப் பாருங்கள். தொடக்கம் ஒன்று, முடிவு ‘ன்’ என்று ஒன்று, நீளமும் ஏறத்தாழ ஒன்று. நடுவில் ‘மு’வும் ‘பி’யும்தான் வேறு. அந்த வேறுபாட்டைத் தாங்குவது மேலே இருக்கும் கொக்கியும் கீழே இருக்கும் வளைவும். 16 புள்ளி உயரத்தில் முதலில் நசுங்குவதும் அவைதான்.

இன்னொன்றும் உண்டு. சந்தி சரியாக எழுதினால் ‘உணவுக்குப் பின்’னில் ஒரு ‘ப்’ கூடுதலாக வருகிறது. ‘பின்’ வருவதற்கு முன்பே அது வரப்போவதைச் சொல்லிவிடுகிற ஒற்று அது. இடம் மிச்சம் என்று ‘உணவுக்கு பின்’ என்று அடிக்கும் லேபிள் அந்த அடையாளத்தைத் தூக்கி எறிகிறது. ஒற்று இருந்தால் தவறாகப் படிப்பது குறைகிறதா என்பது எழுத்துரு வடிவமைப்பாளர் ஒருவர்தான் கேட்க முடிகிற, மருந்துக் கடைக்கு நேரடியாகப் பயன்படுகிற கேள்வி. உங்கள் ஆய்வின் இரண்டாம் அத்தியாயமாக இதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. விடை ‘ஒன்றும் குறையவில்லை’ என்று வந்தாலும் அது விடைதான்.

அடுத்தது பதிவேடு. இரண்டு ஆண்டு வேலைக்கான கோப்புகள் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புதுசு ஃபைனல்’ என்று கிடக்கும். அவற்றைத் தேதி வாரியாக எடுத்து ஒவ்வொரு வரைவுக்கும் எண் கொடுங்கள். எண்ணுக்கு எதிரே நான்கு விஷயம்: என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. பழைய வரைவுகளுக்கு மூன்றாவது கட்டத்தை இப்போது நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். நினைவு வெற்றியின் பக்கம் சாயும். ‘பதிவு இல்லை’ என்று எழுதி விட்டுவிடுங்கள். இனி வரும் வரைவுகளுக்கு மட்டும், அச்சடிப்பதற்கு முன்பே அந்தக் கட்டத்தை எழுதித் தேதி போடுங்கள். எதிர்பார்த்ததும் நடந்ததும் முரண்படுகிற வரிகளைச் சிவப்பில் குறியுங்கள். உங்கள் ஆய்வேட்டின் உயிர் அந்தச் சிவப்பு வரிகளில் இருக்கும். ஃப்ரேலிங்கும் செய்முறை ஆய்வில் நாட்குறிப்பும், அதை விளக்கும் அறிக்கையும் வேண்டும் என்கிறார்.

இனி சோதனை. டென்மார்க்கைச் சேர்ந்த எழுத்து வடிவ ஆய்வாளர் சோஃபி பையர், கெவின் லார்சனோடு சேர்ந்து 2010-ல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் படித்தாக வேண்டும். ரோமன் எழுத்துகளில் அடிக்கடி தவறாகப் படிக்கப்படுபவற்றை எடுத்து, மூன்று எழுத்துருக்களுக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் பல மாற்று வடிவங்களை வரைந்து சோதித்தார்கள். ஒடுக்கமான எழுத்துகளை அகலப்படுத்தினால் அடையாளம் காண்பது எளிதாகிறது என்பது கிடைத்தவற்றில் ஒன்று. இதில் கவனிக்க வேண்டியது ஒப்பீட்டு முறை. தன் எழுத்துருவைச் சந்தையில் இருக்கும் இன்னொன்றோடு மோதவிடவில்லை. அப்படி மோதினால் தடிமன், அகலம், இடைவெளி, உயரம் என்று பத்து விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறும். வென்றாலும் எது வென்றது என்று சொல்ல முடியாது. ஒரே எழுத்துருவுக்குள் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் விடை அந்த மாற்றத்தைச் சேரும்.

உங்களுக்கு மூன்று வடிவங்கள் போதும். அ: வழக்கமான சுழி. ஆ: அதே எழுத்துரு, சுழி மட்டும் திறந்தது. இ: அதே எழுத்துரு, சுழி வழக்கம் போல, அகலம் மட்டும் கூடியது. மூன்றிலும் ‘ப’வின் உயரம் சரியாக 16 புள்ளி, கோடு 2 புள்ளி. பாயிண்ட் அளவைச் சமமாக வைத்தால் உயரம் சமமாகிவிடும் என்று நம்பாதீர்கள். ஒரே பாயிண்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்களின் ‘ப’ வேறு வேறு உயரத்தில் இருக்கும். அச்சடித்த பிறகு அளவு குறித்த உருப்பெருக்கிக் கண்ணாடியால் அளந்து பாருங்கள்.

மூன்று வடிவத்தையும் வரிசை மாற்றிக் காட்ட ஆறு வழி உண்டு. ஆகவே ஆட்களின் எண்ணிக்கை ஆறின் மடங்காக இருக்கட்டும். முதலில் 6 பேரை வைத்து வெள்ளோட்டம் விடுங்கள். முடிவுகள் ஆளுக்கு ஆள் எவ்வளவு ஏறி இறங்குகின்றன என்பது அதில் தெரியும்; அதைப் பார்த்து ஒரு புள்ளியியல் ஆசிரியரோடு பேசி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். 24 பேர் என்று வந்தால் ஒரு வரிசைக்கு 4 பேர். எல்லோரும் மூன்று வடிவத்தையும் பார்க்க வேண்டும். இவருக்கு அ, அவருக்கு ஆ என்று பிரித்துவிட்டால் கண் பார்வையின் வேறுபாடு எழுத்தின் வேறுபாட்டை விழுங்கிவிடும்.

படிப்பதற்கு இரண்டு வகைச் சீட்டு வேண்டும். ஒன்றில் ‘தணப’, ‘தனப’ போலப் பொருளில்லாத கோவைகள்: மொழியறிவு உதவிக்கு வராததால் எழுத்தின் வடிவம் மட்டும் சோதிக்கப்படும். இன்னொன்றில் உண்மையான லேபிள் வரிகள். இரண்டிலும் முடிவு வேறு வேறாக வரலாம். வந்தால் ஒன்றை மறைக்காதீர்கள். வடிவமைப்பாளருக்குத் தேவையான அறிவு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

தூரத்திலிருந்து மெல்ல நெருங்கி, எங்கே படிக்க முடிகிறது என்று அளப்பது இந்தத் துறையில் வழக்கமான முறைகளில் ஒன்று. உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. உங்கள் லேபிளை அதிகம் படிப்பவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். பெரும்பாலும் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்கள். அந்தக் கண்ணாடி கையில் பிடித்துப் படிக்கும் தூரத்துக்குச் செய்தது. ஒன்றரை மீட்டரில் எழுத்து மங்குவதற்குக் கண்ணாடிதான் காரணமாக இருக்கும், சுழி அல்ல. எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போகவும் முடியாது: 14 புள்ளி உயரத்தில் அது வேறு படம். ஆகவே தூரத்தை 40 செ.மீ. என்று நிறுத்தி, வெளிச்சத்தைக் குறையுங்கள். டிம்மர் வேண்டாம், சில எல்இடி விளக்குகள் மங்கும்போது சிமிட்டும். விளக்கைப் பின்னால் தள்ளுங்கள்: சின்ன விளக்காக இருந்தால், தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகும். ஒவ்வொரு நிலையிலும் காகிதத்தின் மேலேயே லக்ஸ் மீட்டரை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இருட்டிலிருந்து தொடங்கி, எந்த வெளிச்சத்தில் சரியாகப் படிக்கிறார்கள் என்பதை எழுதுங்கள். 40 செ.மீ. தூரத்தில் 2 மி.மீ. எழுத்து கண்ணில் சுமார் 17 கலை (ஒரு கலை என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கோணம் எடுக்கிறது. கண் மருத்துவர் சுவரில் மாட்டும் அட்டையில் 6/6 வரி எழுத்துக்கு 5 கலை. இந்த எண்ணை ஆய்வேட்டில் எழுதினால்தான் வேறு அளவில் சோதித்தவர் உங்கள் முடிவோடு தன் முடிவை ஒப்பிட முடியும்.

தவறாகப் படித்ததை ‘தவறு’ என்று மட்டும் குறிக்காதீர்கள். காட்டியது என்ன, சொன்னது என்ன என்று இரண்டையும் எழுதி அட்டவணையாக்குங்கள். ‘ண’வை ‘ன’ என்றார்கள் என்பதும் ‘ண’வை ‘ஐ’ என்றார்கள் என்பதும் ஒரே தவறல்ல. முதலாவது சுழி எண்ணிக்கை தெரியவில்லை என்கிறது, இரண்டாவது உங்கள் திறப்பு எழுத்தின் உருவத்தையே கெடுத்துவிட்டது என்கிறது.

சோதனையைக் கெடுக்கிற சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சீட்டைக் காட்டுபவர் நீங்களாக இருக்கக் கூடாது. எது உங்கள் செல்ல வடிவம் என்று உங்கள் முகம் சொல்லிவிடும். அதைத் தெரியாத ஒருவரை உட்கார வையுங்கள். எல்லாச் சீட்டையும் ஒரே பிரிண்டரில், ஒரே ரோலில், ஒரே டார்க்னெஸ் அளவில், ஒரே நாளில் அடியுங்கள். பக்க அளவுக்குச் சுருக்கும் தேர்வு ஏதும் இயங்காமல் 100 சதவீதத்தில் அடியுங்கள். 97 சதவீதமாகச் சுருங்கினால்கூட 2 புள்ளிக் கோடு சில இடத்தில் 1 ஆகும், நீங்கள் வரையாத ஒன்றைச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த 200 பேர் சர்வேயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ‘இந்த எழுத்து பிடித்திருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா?’ என்று கேட்டால் பழகிய எழுத்தைத் தெளிவு என்பார்கள். எதிரே நிற்கும் உங்கள் மனம் நோகக் கூடாது என்றும் ‘ஆமாம்’ போடுவார்கள். படிக்கப் பிடிக்கிறதா என்பதும் சரியாகப் படித்தாரா என்பதும் வேறு. வடிவமைப்பு ஆய்வேடுகளின் பின்புறம் ஒட்டவைத்த சர்வே, ஆராய்ச்சி போலத் தோற்றம் தருகிறதே தவிர, வடிவமைப்பில் நடந்த உண்மையான தேடலை மூடி மறைத்துவிடுகிறது. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: உங்கள் வரைவுகளே சான்று. அவற்றைப் பேச வையுங்கள்.

பல்கலைக்கழக வேலைகள் சில. ஆட்களை வைத்துச் சோதிப்பதற்கு முன்பே அறநெறிக் குழுவின் ஒப்புதலை வாங்குங்கள். சோதனை முடிந்த பிறகு கேட்டால் கிடைக்காது, எடுத்த தரவும் வீணாகும். யுஜிசியின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் பொதுவாக 6 ஆண்டு. ஆய்வு ஆலோசனைக் குழு முன் ஒவ்வொரு பருவமும் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். அங்கே அழகான எழுத்துருப் போஸ்டரைக் கொண்டுபோகாதீர்கள். எண்ணிட்ட வரைவுகளையும் சிவப்பு வரிகளையும் கொண்டுபோங்கள். எழுத்துருக் கோப்பை ஆய்வேட்டின் பகுதியாகச் சமர்ப்பிக்கலாமா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்த பிறகு இரண்டு ஆண்டு வேலையை ‘பின்னிணைப்பில் போடுங்கள்’ என்று அவர்கள் ஒதுக்கிவிடக்கூடும். நெறியாளருக்கு எழுத்துரு தெரியவில்லை என்றால் இணை நெறியாளர் கேளுங்கள். மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி போல இந்திய எழுத்து வடிவங்களில் வேலை நடந்திருக்கும் இடங்களில் தேடலாம்.

ஆய்வேட்டின் முடிவுரையில் ‘இந்த எழுத்துரு சிறந்தது’ என்று எழுதாதீர்கள். ‘மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அடிக்கும் பிரிண்டரில், 16 புள்ளி உயரத்தில், இந்தச் சுழியை இத்தனை புள்ளி திறக்கலாம், அதற்கு மேல் திறந்தால் இந்த எழுத்தோடு குழம்பும்’ என்று எழுதுங்கள். உங்கள் எழுத்துருவைக் கண்ணால் பார்க்காத ஒருவர், அதைப் படித்துவிட்டுத் தன் எழுத்துருவைத் திருத்த முடிய வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். சோதனையில் காட்டிய லேபிள்களை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டிக் கொடுக்க எண்ணியிருப்பீர்கள். தெர்மல் அச்சு வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும், பிவிசி உறையில் போட்டாலும் மங்கும். அடித்த அன்றே ஒவ்வொன்றையும் 1200 டிபிஐயில், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து ஸ்கேன் செய்துவிடுங்கள். அசல் சீட்டுகளைச் சாதாரணக் காகித உறையில் போட்டு, வரைவு எண்ணை வெளியே பென்சிலால் எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.